குஞ்சுக் கூட்டில் முதல் பகை ஈரம்

தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை கிராமப்புறப் பெண்களுக்கு மானியத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கும்போது, அன்று பொரித்த குஞ்சைக் கையில் கொடுப்பதில்லை. நான்கு வாரம் வளர்த்த குஞ்சாகத்தான் கொடுக்கிறது. 250 கோழிகளோடு சிறு பண்ணை வைப்பவர்களுக்கான திட்டத்திலும் இதே ஏற்பாடுதான். கோழி வளர்ப்பில் உயிர் அதிகம் போகிற காலம் அந்த முதல் நான்கு வாரம். அதைத் தாண்டி இறகு மூடிய குஞ்சு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் எல்லோருக்கும் நான்கு வாரக் குஞ்சு கிடைப்பதில்லை. சேலம் மாவட்டத்தின் ஜலகண்டாபுரத்திலும் அதைச் சுற்றிய நங்கவள்ளி, தாரமங்கலம் பக்கத்து ஊர்களிலும் தறி ஓட்டிக்கொண்டே வீட்டோடு நாலு கோழி வளர்க்கும் குடும்பங்கள் நிறைய. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் இருக்கிறது. 1997-இல் தனி மாவட்டமாகும் வரை அதுவும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு இந்த வட்டாரத்தில் குறைவில்லை. ஒரு நாள் வயதுக் குஞ்சை இருபத்தைந்து, ஐம்பது என்று அட்டைப்பெட்டியில் வாங்கி வந்து, வீட்டின் ஒரு மூலையில் பல்பைக் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். தெருவில் சாயம் பூசி விற்கிற கலர் குஞ்சுகளையும் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குகிறார்கள். அவை பெரும்பாலும் முட்டையினக் கோழிகளின் சேவல் குஞ்சுகள். நோஞ்சான் என்று அவற்றைச் சொல்லிவிடுகிறோம். சூடு கிடைத்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும்.

வீட்டுக்குள் குஞ்சு வளர்ப்பதில் மூன்று கவலைகள் உண்டு: குஞ்சு சாகக்கூடாது, வீடு நாறக்கூடாது, தீவனமும் கூளமும் வீணாகக்கூடாது. இந்த மூன்றுக்கும் தனித்தனியாக வழி தேடுகிறவர்கள் அதிகம். குஞ்சுக்கு மருந்து, நாற்றத்துக்கு ஃபினாயில், வீணாவதற்கு முணுமுணுப்பு. உண்மையில் மூன்றும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. தரையில் சிந்திய தண்ணீரும் அதில் ஊறிய தீவனமும்தான் அந்த இடம். அதைத் தடுத்துவிட்டால் மற்றவை பெருமளவு தாமாகவே சரியாகும்.

சூடு எதற்கு, எவ்வளவு

பொரித்த அன்று ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சின் எடை சுமார் 30 கிராம். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. உடல் எவ்வளவு சிறியதோ, எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அவ்வளவு அதிகம். வெப்பம் வெளியேறும் வழி பெரிது, உள்ளே வெப்பத்தை உண்டாக்கும் தசையோ சிறிது. மேலே போர்த்தியிருப்பது வெறும் தூவி. அது நனைந்தால் காற்றைப் பிடித்துவைக்கும் தன்மையை இழந்துவிடும். அதனால் முதல் பத்துப் பதினைந்து நாளுக்குக் குஞ்சால் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இறகு முளைத்து உடலை மூட நான்கைந்து வாரம் ஆகும்.

தாய்க்கோழி இருந்தால் இந்தக் கவலை இல்லை. அடையில் உட்காரும் கோழியின் வயிற்றில் தூவி உதிர்ந்து, ரத்த ஓட்டம் மிகுந்த தோல் வெளியே தெரியும். குஞ்சு அதில் ஒட்டிக்கொள்கிறது. சற்று நேரத்தில் வெளியே வந்து கிளறுகிறது, தண்ணீர் குடிக்கிறது, குளிர்ந்ததும் மறுபடி இறக்கைக்குள் புகுந்துகொள்கிறது. குஞ்சுக்குத் தேவை நாள் முழுக்க ஒரே மாதிரியான சூடு என்று நினைத்துவிடக் கூடாது. சூடான ஓர் இடமும், அதைவிட்டு விலகிப் போகக் குளிர்ந்த ஓர் இடமும் வேண்டும். எங்கே இருப்பது என்பதைக் குஞ்சே முடிவு செய்யும்.

இதனால் பல்பைக் கூட்டின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிட வேண்டும். பல்புக்கு அடியில், குஞ்சின் முதுகு மட்டத்தில், முதல் வாரம் சுமார் 35 டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, நான்காம் வாரம் 26 டிகிரி அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரு குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் என்பது பொதுக்கணக்கு. 25 குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்று போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு போடுவது நல்லது. நடுராத்திரியில் ஒன்று ஃபியூஸ் போனால் மற்றது காப்பாற்றும். குண்டு பல்பு தான் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாக வெளியிடுகிறது. விளக்காக அது வீண் செலவு, குஞ்சுக்கு அதுவே உதவி. எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது, அதில் வெளிச்சம் வருமே தவிர போதிய சூடு வராது.

சேலம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதப் பகலில் 38, 40 டிகிரி சாதாரணம். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் உள்ளே இன்னும் அதிகம். அந்த நேரத்தில் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று பல்பை எரியவிட்டால் குஞ்சு வாயைத் திறந்து இளைத்தே செத்துப்போகும். கோடையில் பகலில் பல்பை அணைத்துவிட்டு இரவில் மட்டும் போட வேண்டியிருக்கும். மார்கழி, தை இரவுகளில் இரண்டு பல்பும் எரிய வேண்டியிருக்கும். வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டால் குளிர். பல்பைவிட்டு ஓரத்தில் ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே மூலையில் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் இருந்து காற்று அடிக்கிறது. கூடு முழுக்கப் பரவி, சில தின்ன, சில தூங்க, மெல்லிய முணுமுணுப்பு மட்டும் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஒருமுறை இதைப் பார்த்தாக வேண்டும்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே பல்பை எரியவிட வேண்டும். காற்று சீக்கிரம் சூடாகிவிடும். சிமெண்ட் தரையும் அதன் மேல் போட்ட கூளமும் சூடாக நேரம் பிடிக்கும். குளிர்ந்த தரை குஞ்சின் பாதம் வழியாகவே உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் கூளம் இன்னும் சூடேறவில்லை.

மின்வெட்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். சில இடங்களில் ஓட்டை போட்ட மண்பானையில் அடுப்புக்கரியைக் கனலவைத்துக் கூட்டுக்குள் வைப்பார்கள். காற்றோட்டமுள்ள கொட்டகையில் அது நடக்கும். மூடிய வீட்டுக்குள் ஒருபோதும் கூடாது. கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குஞ்சோடு வீட்டில் தூங்குகிறவர்கள் உயிருக்கும் ஆபத்து. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய இரண்டு பாட்டில்களைப் பழைய துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

தண்ணீர்க் குவளைக்கு அடியில்

இப்போது குஞ்சுக் கூட்டில் தண்ணீர் வைத்த இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். குஞ்சு குனிந்து அலகை நனைக்கிறது, தலையைத் தூக்கி விழுங்குகிறது, பிறகு தலையை உதறுகிறது. ஒவ்வொரு உதறலிலும் சில துளிகள் தெறிக்கின்றன. இன்னொரு குஞ்சு விளிம்பில் ஏறி நிற்கிறது, குவளை சாய்கிறது. அருகிலிருந்த தீவனத்தட்டில் இருந்து கிளறி எறிந்த மாவு அந்த ஈரத்தில் ஒட்டுகிறது. மேலேயே எச்சம் விழுகிறது. இரண்டு நாளில் அந்த இடத்து உமி கறுத்து, வரட்டி போலக் கெட்டியாகிவிடும். அதை விரலால் பெயர்த்தால் அடிப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும், வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருக்கும், மூக்கில் ஏறும் நெடி வரும்.

அந்த நெடி அம்மோனியா. கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். நாம் சிறுநீரில் யூரியாவாக வெளியேற்றும் நைட்ரஜன் கழிவைப் பறவைகள் தண்ணீரைச் சேமிப்பதற்காக இப்படிக் கெட்டியாக வெளியேற்றுகின்றன. உலர்ந்து கிடக்கும் வரை அது சாதுவான பொருள். ஈரம் பட்டதும் கூளத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்குகின்றன. சூடும் ஈரமும் காரத்தன்மையும் சேர்ந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். குஞ்சுக் கூட்டில் சூட்டுக்குக் குறைவே இல்லை. மீதியைச் சிந்திய தண்ணீர் கொடுத்துவிடுகிறது.

காற்றில் 10 லட்சத்துக்கு 25 பங்கு அம்மோனியா இருந்தாலே குஞ்சுக்குத் தீங்கு என்று கொள்கிறார்கள். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கும், கண் எரிந்து நீர் வழியும். அதன் பிறகு எந்தச் சளிக்கிருமியும் சுலபமாக உள்ளே போய்விடும். மனித மூக்குக்கு ஏறக்குறைய இந்த அளவில்தான் அம்மோனியா தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அதிலும் நாள்தோறும் அங்கே புழங்குகிறவர் மூக்கு பழகிவிடும். நின்றபடி மோந்து பார்த்துப் பயனில்லை. குனிந்து, குஞ்சின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சை இழுக்க வேண்டும். அங்கே நெடி அடித்தால் குஞ்சு அதைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறது.

அதே ஈரத் திட்டில் இன்னும் இரண்டு பகைவர்கள் வளர்கிறார்கள். ஒன்று, ஐமீரியா என்ற ஒற்றைச்செல் உயிரி. ரத்தக்கழிச்சல் நோய் இதனால் வருவது. எச்சத்தில் வெளிவரும் இதன் முட்டை போன்ற உறை உடனே நோய் தராது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் முதிர்ந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். உலர்ந்த கூளத்தில் பெரும்பாலானவை முதிராமலே காய்ந்துவிடும். மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் குஞ்சு கூனிக்கொண்டு, ரத்தம் கலந்து கழிந்தால் பலரும் தீவனத்தைக் குறை சொல்கிறார்கள். முதலில் தண்ணீர்க் குவளையின் அடியைப் பார்க்க வேண்டும். இன்னொன்று ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. இதன் வித்துகளைச் சுவாசித்த குஞ்சுகளுக்கு நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறும். இந்த இனத்தின் வேறு சில பூஞ்சைகள் ஈரமான தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான், அவற்றின் தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்து இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கடலை விளையும் நம் வட்டாரத்துக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் கூட்டுக்குள் போகிறது

ஒரு குஞ்சு தின்னும் தீவனத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கிறது, வெயில் காலத்தில் இன்னும் கூடும். 25 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் நான்கு வாரத்தில் சுமார் 10 முதல் 15 கிலோ தீவனம் தின்னும் என்று கொண்டால், 20 முதல் 30 லிட்டர் தண்ணீர் அவற்றின் வயிற்றின் வழியாகப் போகிறது. புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். இரண்டு குடம் தண்ணீரை ஒரு சிறு பெட்டிக்குள் மெல்ல மெல்ல ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்த தண்ணீரைத் தடுக்க முடியாது. அது ஆவியாகிப் போகக் காற்றோட்டம் கொடுக்கலாம். குடிக்காமல் சிந்துவதை முழுக்கத் தடுக்கலாம். கூட்டின் அமைப்பு முழுவதும் இந்த இரண்டு வேலைக்காகத்தான்.

25 குஞ்சுக்கு நான்கு அடி நீளம், மூன்று அடி அகலம் உள்ள இடம் நான்கு வாரம் வரை போதும். ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி கிடைக்கும். தரையில் முதலில் ஈரம் உறிஞ்சாத ஏதாவது ஒன்றை விரிக்க வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டி இறக்கிய பழைய ஃபிளெக்ஸ் பேனர் இதற்கு நன்றாக உதவும். கழுவிக் காயவைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஆனால் பல்பின் பக்கத்தில் அது வரக்கூடாது. சுற்றுச்சுவருக்கு ஒன்றரை அடி உயரத்தில் தகரத் தகடோ பலகையோ வைக்கலாம். நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிகளை விரித்தும் கட்டலாம். அட்டை ஈரம் பட்டால் கழுவ முடியாது. ஆனால் வேலை முடிந்ததும் கிழித்து உரக்குழியில் போட்டுவிடலாம். குஞ்சு ஒன்றை ஒன்று நசுக்கும் மூலை இல்லாதபடி வளைத்து, வட்டமாகக் கட்டுவது நல்லது. சுவருக்கு மேலே அரை அங்குலக் கம்பிவலை போட வேண்டும். எலி, பூனை இரண்டும் வராது, ஈரக்காற்று மேலே போய்விடும். குளிருக்குப் பயந்து பாலித்தீன் தாளால் மூடக் கூடாது. பல்பை அதன் ஒயரைக்கொண்டு தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். ஏற்றி இறக்குவது அப்போதுதான் சுலபம், அறுந்து கூளத்தில் விழுந்து தீப்பிடிக்கவும் செய்யாது.

இடம் தேர்ந்தெடுக்கையில் தறிக்கூடத்தை விட்டுவிடுங்கள். சத்தம் மட்டும் காரணமில்லை. பஞ்சுத்தூசி குஞ்சின் மூச்சில் போகும். அதைவிட நூல் துண்டு ஆபத்து. காலில் சுற்றிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே அழுகவைத்துவிடும், விழுங்கினால் தீனிப்பையில் சிக்கிக்கொள்ளும். அதே காரணத்தால், சும்மா கிடைக்கிறதே என்று நூல் கழிவைக் கூளமாகப் போடக் கூடாது. சமையலறையும் ஆகாது. ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மொனெல்லா இருக்கலாம். குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சிறு பிள்ளைகள் குஞ்சை முத்தமிடுவதைத் தடுக்க வேண்டும்.

தண்ணீருக்குக் குவளையைக் கவிழ்த்து வைக்கும் சாதாரணக் குடிப்பான் போதும். அதை நேரே கூளத்தில் வைக்காமல், ஒரு தட்டின் மேல் கம்பிவலை போட்டு அந்த வலையின் மேல் வைக்க வேண்டும். தெறிக்கிற துளி வலை வழியாகத் தட்டில் விழும். தட்டை நாளுக்கு இரண்டு முறை வெளியே கொட்டிவிடலாம். இந்த ஒரு மாற்றமே கூளத்தில் சிந்தும் ஈரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். குடிப்பானின் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். குஞ்சு வளர வளர அடியில் ஒரு செங்கல், பிறகு இன்னொன்று என்று உயர்த்திக்கொண்டே போக வேண்டும். குனிந்து குடித்தால் சிந்தும், நிமிர்ந்து குடித்தால் சிந்தாது. முதல் இரண்டு நாள் குடிப்பானின் பள்ளத்தில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. நாமக்கல் பண்ணைகளில் உள்ளது போன்ற நிப்பிள் குழாய் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

தீவனத்திலும் இதே விதிதான். தீவனத்தட்டை விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குஞ்சு கிளறி வெளியே எறிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் சிந்துவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் என்கின்றன கோழியியல் பாடநூல்கள். தட்டை நிரப்பி வைத்துவிட்டு மறப்பது சௌகரியமாகத் தோன்றும். நாளுக்கு நாலு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் சிக்கனம். புரதம் 20 சதவீதம் உள்ள குஞ்சுத் தீவனம் போதும். சிந்திய தீவனம் எறும்பையும் கூப்பிடும். கட்டெறும்பு மொய்த்தால் ஒரு நாள் குஞ்சு தப்பிக்காது. கூட்டைக் கால் வைத்த மேடையில் வைத்தால் அதன் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

குஞ்சு வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம். பொரிக்கும்போதே குஞ்சின் வயிற்றுக்குள் மீதி மஞ்சள் கரு இருக்கிறது. இரண்டு மூன்று நாள் அதைக்கொண்டே உயிர்வாழ முடியும். தொலைதூரம் அனுப்பப்படும் குஞ்சுகள் பிழைப்பது அதனால்தான். ஆனால் தாமதமாகத் தின்ற குஞ்சு பின்தங்கியே வளரும். இரவில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாவும் தண்ணீரும் கலந்து மெத்தென்று நிறைந்திருந்தால் குஞ்சு தின்னக் கற்றுக்கொண்டது. காலியாக இருந்தால் அதன் அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும்.

கூளம்

நெல் உமி, நிலக்கடலைத் தோடு, மரத்தூள் மூன்றும் இங்கே கிடைக்கும். முதல் வாரத்துக்கு உமி நல்லது. கடலைத்தோட்டை உடைத்துக் காயவைத்துப் போடலாம், ஆனால் மழையில் நனைந்து கறுத்த தோடு ஒரு பிடிகூட உள்ளே போகக் கூடாது, பூஞ்சைக்கு அதுதான் வீடு. மெல்லிய மரத்தூளைக் குஞ்சு தீவனம் என்று தின்றுவிடும், தூசியும் அதிகம், அதனால் இழைத்த சுருளாகக் கிடைத்தால் வாங்கலாம். இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்ப வேண்டும். மேலே முதல் மூன்று நாளைக்குச் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தீவனத்தைத் தூவினால் குஞ்சு கூளத்தைத் தின்னாது. வழுவழுப்பான தாளில் கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துபோகும். கையால் நன்றாகக் கசக்கி விரிக்க வேண்டும். மூன்று நான்கு தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, நாளுக்கு ஒன்றாக எச்சத்தோடு சுருட்டி எடுத்தால் முதல் மூன்று நாள் கூளம் புதிதாகவே இருக்கும்.

அதன் பிறகு நாளுக்கு ஒருமுறை கூளத்தைக் கிளறிவிட வேண்டும். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி அமுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். தூசியாகப் பறந்தால் மிக உலர்ந்திருக்கிறது. ஈரத் திட்டு எங்கே தென்பட்டாலும் அதை மட்டும் அள்ளி எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது உமி போட வேண்டும். மொத்தக் கூளத்தையும் அடிக்கடி மாற்றுவது கழிவைப் பெருக்கும். பண்ணைக்காரர்கள் பலர் நெடி வந்தால் கூளத்தில் சுண்ணாம்பு தூவுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது காரப்பொருள். கூளம் காரமானால் அதில் கட்டுண்டிருந்த அம்மோனியா இன்னும் வேகமாகக் காற்றில் வெளியேறும், குஞ்சின் கண்ணும் பாதமும் எரியும். சுண்ணாம்பைக் குஞ்சு வருவதற்கு முன் சுவருக்கும் தரைக்கும் பூசிக் காயவிட வேண்டும். குஞ்சு இருக்கும் கூளத்தில் வேண்டாம்.

சுத்தம் என்பது கிருமியே இல்லாத நிலையா

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். சுத்தம் என்றால் மருந்தடித்துக் கிருமியே இல்லாமல் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். 1973-இல் பின்லாந்து விஞ்ஞானி எஸ்கோ நுர்மியும் அவரது கூட்டாளி ரந்தாலாவும் ஒரு சோதனை செய்தார்கள். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளுக்கு ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் கொடுத்தபோது, சால்மொனெல்லா அவற்றில் தங்க முடியாமல் போனது. நல்ல பாக்டீரியாக்கள் குடலில் இடம் பிடித்துவிட்டால் கெட்டது உள்ளே வர இடம் இருக்காது. தாய்க்கோழி மண்ணைக் கிளறிக் காட்டும்போது குஞ்சு இந்த நல்ல கிருமிகளைப் பெறுகிறது. இன்குபேட்டரில் பிறந்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்காகப் பெரிய கோழியின் எச்சத்தை அள்ளிக் குஞ்சுக் கூட்டில் போட்டுவிடக் கூடாது. அதில் நோயும் வரும்.

ரத்தக்கழிச்சலுக்கும் இது பொருந்தும். ஐமீரியா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்கிறது, ஒரே சமயத்தில் ஏராளமாகப் போனால்தான் சாகடிக்கிறது. உலர்ந்த கூளம் இந்த அளவைக் கட்டுக்குள் வைக்கிறது. பின்னால் புழக்கடையில் மேயப்போகும் நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு அதுவே நல்ல பயிற்சி.

ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டம் வருவதற்கு முன் சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் கூளத்தை முழுக்க வெளியேற்றிப் பெருக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர் கரைசல். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் ஊற்றிய ப்ளீச்சிங் பவுடர் அந்த எச்சத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமியைத் தொடாது. ஐமீரியாவின் உறையை ப்ளீச்சிங் பவுடரும் ஒன்றும் செய்யாது. கொதிக்கும் வெந்நீரும் நல்ல வெயிலும்தான் அதற்கு மருந்து. எல்லாம் காய்ந்தபின் இரண்டு வாரமாவது காலியாக விடுவது நல்லது. வெவ்வேறு வயதுக் குஞ்சுகளை ஒரே கூட்டில் சேர்க்கவே கூடாது.

சுத்தமான கூட்டில் மருந்துச் செலவும் குறையும். நோய் வருமோ என்ற பயத்திலேயே ஆண்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் பழக்கம் நாடு முழுவதும் பரவிவிட்டது. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக இருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது இந்தப் பழக்கத்தின் விளைவால்தான். தடுப்பூசிக்கு மட்டும் மாற்று இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதன் வளாகத்திலேயே இயங்கும் வேளாண் அறிவியல் நிலையமும் கோழி வளர்ப்போருக்குப் பயிற்சி தருகின்றன.

எடுத்த கூளத்தை என்ன செய்வது

கூட்டில் இருந்து வெளியே போகும் கூளத்தைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவது நட்டம். கோழி எச்சத்தில் நைட்ரஜன் மிகுதி, உமியிலும் தாளிலும் அட்டையிலும் கார்பன் மிகுதி. இரண்டும் கலந்தால் கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற, மக்குவதற்குத் தோதான விகிதத்துக்கு அருகில் வரும். காய்ந்த இலை, தென்னை மட்டைத் துண்டு சேர்த்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரம் வைத்துக் குவிக்க வேண்டும். குவியலின் நடு 55 டிகிரிக்கு மேல் சூடாகி மூன்று நாளாவது அப்படியே இருந்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். சில மாதம் மக்கவிட்டபின் முருங்கைக்கும் தென்னைக்கும் போடலாம். பச்சை எச்சத்தை நேரே வேரில் போட்டால் செடி கருகும்.

குஞ்சு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கூட்டை அமைத்து ஓர் இரவு முழுக்கப் பல்பை எரியவிட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பல்புக்கு அடியில் எத்தனை டிகிரி, எட்டத்தில் எத்தனை டிகிரி, குடிப்பானின் தட்டில் எவ்வளவு தண்ணீர், உமி எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இவை சரியாக இல்லாவிட்டால் குஞ்சு வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். தயாராகாத கூட்டில் இறக்கிய குஞ்சைப் பின்னால் எந்த மருந்தும் மீட்டுக் கொடுக்காது.